தவணை நோட்டும் டவுன்லைனும்

திண்டுக்கல் பக்கத்தில் கடை வைக்காமல், சம்பளத்துக்கும் போகாமல் ஒரு பெண் நாலு காசு பார்க்க வேண்டுமென்றால், அந்தக் காலத்தில் கைக்கு எட்டிய வழி புடவைத் தவணை. சின்னாளப்பட்டிக்கு டவுன் பஸ்ஸில் போய்ச் சுங்குடிப் புடவை பத்துப் பன்னிரண்டு எடுத்து வருவார்கள். தெரிந்த வீடுகளில் விரித்துக் காட்டி, ஐந்து மாதத் தவணைக்குக் கொடுப்பார்கள். ஒன்றாம் தேதிக்கும் ஏழாம் தேதிக்கும் இடையில் வசூல். 1980-களில் எங்கள் தெருவிலேயே இந்த வியாபாரம் செய்தவர்கள் சில பேர் உண்டு. எங்கள் அம்மா அவர்களில் ஒருத்தி.

அப்பாவுக்கு ஸ்பின்னிங் மில்லில் வேலை. மில் ஓடினால் சம்பளம். பஞ்சு விலை ஏறினாலோ, போனஸ் பேச்சுவார்த்தை முறிந்தாலோ கதவடைப்பு. கதவடைத்த மாதங்களில் எங்கள் படிப்புச் செலவைத் தாங்கியது அந்தச் சுங்குடிப் புடவைகள்தான். அதனால் நேரடி விற்பனை, கூடுதல் வருமானம் என்று பேச்சு வந்தால் என்னால் ஒதுங்கி நின்று பேச முடியாது. அந்த வருமானத்தில் படித்தவள் நான். பிற்பாடு அதே ஆசையைக் காட்டிக்கொண்டு வந்த இன்னொன்று எங்கள் சொந்தபந்தத்தை எப்படிப் பிரித்துப் போட்டது என்பதையும் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன்.

அம்மாவின் கணக்கு எளிமையானது. புடவை 60 ரூபாய்க்கு எடுத்தால் 75-க்குக் கொடுப்பாள். மாதம் 15 வீதம் ஐந்து தவணை. முதல் நான்கு தவணையும் சின்னாளப்பட்டிக்காரருக்குப் போய்விடும். ஐந்தாவது தவணைதான் அம்மாவுடையது. அலைச்சல், பஸ் செலவு, வெயில், யாராவது ஊரைவிட்டு மாற்றலாகிப் போய்விடுவார்களோ என்ற பயம், எல்லாவற்றுக்கும் கூலி அந்தப் பதினைந்து ரூபாய். நாலு தவணை கட்டிவிட்டு ஐந்தாவதை இழுத்தடிப்பவர்கள் நிறையப் பேர். "அதான் முக்காவாசி குடுத்தாச்சே மதினி" என்பார்கள். அவர்களைப் பொறுத்தவரை அது சில்லறைப் பாக்கி. அம்மாவுக்கு அதுதான் மொத்த வருமானம். இந்த உண்மையை அவள் வாய்விட்டுச் சொல்லமாட்டாள். லாபம் இவ்வளவு என்று தெரிந்தால் அடுத்த முறை அதைக் குறைக்கச் சொல்வார்களே!

ஒரு கோடு போட்ட நோட்டு வைத்திருந்தாள். அதில் பல பேருக்குப் பெயரே கிடையாது. "ஆஸ்பத்திரி நர்ஸம்மா - அரக்கு, மஞ்சக் கரை", "மாடி வீட்டு டீச்சர் - கிளிப்பச்சை" என்று புடவையின் நிறத்தை வைத்துத்தான் கணக்கு. வலது பக்கம் ஐந்து கட்டம். பணம் வந்ததும் வாங்கியவர் கையாலேயே கட்டத்தில் ஒரு கோடு போடச் சொல்வாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் தங்கள் கோட்டை எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

நோட்டில் இல்லாத விதிகள் சில இருந்தன. வீட்டுக்காரர் இருக்கும்போது தவணை கேட்கக்கூடாது. அவருக்குத் தெரியாமல், வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்துப் புடவை வாங்கிய பெண்களே பாதிப் பேர். வாசலில் ஆண் செருப்பு கிடந்தால் அம்மா குரலை மாற்றிக்கொண்டு, "புளி வாங்கியாச்சா, சந்தையில வெல எப்படி?" என்று நாலு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பிவிடுவாள். உள்ளே இருக்கும் பெண்ணுக்குப் புரிந்துவிடும். மறுநாள் அவளே எங்கள் வீட்டுக்கு வந்து பணத்தைக் கொடுத்துவிட்டுப் போவாள். சாயம் போனால் அம்மாதான் பொறுப்பு. "முதத் தடவை உப்புத் தண்ணியில ஊறப் போட்டு அலசுங்க, மத்த துணியோட சேக்காதீங்க" என்று ஒவ்வொரு புடவையோடும் சொல்லி அனுப்புவாள். அப்படியும் சாயம் இறங்கிப் பாழானால் மாற்றுப் புடவை கொடுத்துவிட்டு, பழையதை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னாளப்பட்டியில் சண்டை போடுவாள். அங்கே பாதி ஜெயிப்பாள், பாதி தோற்பாள். தோற்றதை வாங்கியவர் தலையில் வைத்ததில்லை.

வீடு தேடி வந்து விற்பவர்கள் வேறு ரகத்திலும் வரத் தொடங்கியது அந்தப் பத்தாண்டில்தான். 1982-இல் ஆரம்பித்த யுரேகா ஃபோர்ப்ஸ்காரர்கள் டை கட்டிக்கொண்டு வாக்யூம் கிளீனரோடு வருவார்கள். எங்கள் தெருவில் யாரும் வாங்கவில்லை. ஆனால் கூடத்துப் பாயை அவர்கள் உறிஞ்சிக் காட்டியதை வேடிக்கை பார்க்காதவர் இல்லை. 1996-இல் டப்பர்வேர் இந்தியாவுக்கு வந்தது. சில வருடங்களில் பள்ளிக்கூட ஸ்டாஃப் ரூமுக்குள் மதியச் சாப்பாட்டு வேளையில் நுழைந்துவிட்டது. ஒரு டீச்சர் விற்பார், மற்றவர்கள் வாங்குவார்கள். டப்பா நன்றாக இருந்தது, விலைதான் அதிகம். அந்தக் கம்பெனி 2024 செப்டம்பரில் அமெரிக்காவில் திவால் மனு கொடுத்தபோது, என் அலமாரியில் அதன் டப்பாவில் ரசப்பொடி இருந்தது. விற்றுத் தந்த டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். அவருக்கும் எனக்கும் இன்றுவரை ஒரு மனக்கசப்பும் இல்லை. பொருள் கைமாறியது, பணம் கைமாறியது, அதோடு முடிந்தது.

எங்கள் வீட்டில் முடியாமல் போனது, மாமா கொண்டுவந்த விஷயம்.

அம்மாவின் தம்பி அவர். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். 1998-இல் ஆம்வே இந்தியாவில் விற்பனையைத் தொடங்கிய பிறகு, சங்கிலியாக ஆள் சேர்த்து விற்கும் முறை ஊரெங்கும் பேச்சானது. அதே முறை என்று சொல்லிக்கொண்டு பல புதுக் கம்பெனிகளும் முளைத்தன. மாமா சேர்ந்தது அப்படி முளைத்து, சில வருடங்களில் காணாமல் போன ஒன்றில். மூலிகைச் சாறும் சத்துமாவும் சரக்கு. மதுரையில் ஒரு ஹோட்டல் ஹாலில் ஞாயிறுதோறும் மீட்டிங். என்னையும் ஒரு தடவை கூட்டிப்போனார். வெள்ளைப் பலகையில் ஒரு வட்டம் வரைந்து "இது நீங்க" என்றார் பேசியவர். அதற்குக் கீழே ஆறு வட்டம். ஒவ்வொன்றுக்கும் கீழே மறுபடி ஆறு. அப்லைன், டவுன்லைன், பாயின்ட் என்று சொல்லிக்கொண்டே போனார். கைத்தட்டலுக்குக் குறைவில்லை. சரக்கு மேஜை மேல் மூடியபடி இருந்தது. அந்தச் சாறு எதற்கு நல்லது, யார் குடிக்கலாம், என்ன விலை என்று கடைசிவரை யாரும் பேசவில்லை, யாரும் கேட்கவுமில்லை. மாதம் எவ்வளவு வரும் என்பதை மட்டும் எல்லோரும் கேட்டார்கள். புடவையை முழுக்க விரித்துக் காட்டிவிட்டு லாபத்தை மட்டும் மறைத்த வீட்டிலிருந்து வந்தவள் நான். இங்கே லாபத்தை விரித்துவிட்டுச் சரக்கை மூடி வைத்திருந்தார்கள். பஸ்ஸில் திரும்பும்போது மனசு ஆறவில்லை.

அந்த வட்டங்களை வீட்டில் உட்கார்ந்து பெருக்கிப் பார்க்கலாம், பத்தாம் வகுப்புக் கணக்குதான். ஒருவர் ஆறு பேரைச் சேர்த்து, அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்த்தால், பத்தாவது அடுக்கில் மட்டும் 6,04,66,176 பேர் வேண்டும். எல்லா அடுக்கையும் கூட்டினால் 7,25,59,411. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே ஏறக்குறைய 7 கோடியே 21 லட்சம்தான். தொட்டில் பிள்ளையிலிருந்து படுத்த படுக்கையில் இருக்கும் பாட்டி வரை எல்லோரையும் சேர்த்தாலும் பத்தாவது அடுக்கு நிரம்பாது. இதைவிட முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தச் சங்கிலி எந்த அடுக்கில் நின்றாலும் சரி, சேர்ந்த ஆறு பேரில் ஐந்து பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்களுக்குக் கீழே ஒருவரும் இல்லை. திறமை இல்லாததாலோ உழைக்காததாலோ அல்ல, கணக்கின் அமைப்பே அப்படி. "முயற்சி பத்தலை, நம்பிக்கை பத்தலை" என்று அவர்களைக் குற்றவாளி ஆக்கி வீட்டுக்கு அனுப்பினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

மாமா ஏமாற்றுக்காரர் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் முழுசாக நம்பினார். முதல் வேலையாகத் தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். நாற்பதைத் தாண்டவில்லை. நேரே அம்மாவிடம் வந்தார். அம்மா அப்போதும் பழைய வாடிக்கைக்காரர்களுக்குத் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் புடவை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, உன் தவணை நோட்டை ரெண்டு நாள் குடு. அதுல உள்ள ஆளுங்க போதும், ஒரே வருஷத்துல மேல வந்துருவேன்."

"அவங்க என்னைய நம்பி வீட்டுக்குள்ள விடுறவங்கப்பா. உன் கூட்டத்துக்கு ஆள் சேக்க அவங்க வீட்டு வாசல நான் காட்டமாட்டேன்."

"நல்லதுக்குத்தானக்கா கேக்குறேன்."

"உனக்கு என்ன வேணும்? ஒரு பாட்டில் குடு, வாங்கிக்கிறேன். நோட்டு கிடையாது."

சொன்னபடி ஒரு பாட்டில் வாங்கினாள். விலையைக் கேட்டுவிட்டு நோட்டில் உள்ள யாருக்கும் இதைச் சொல்லக்கூடாது என்று அன்றே முடிவு கட்டியதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். அந்த ஒரு பாட்டிலின் விலையில் மூன்று சுங்குடி வாங்கலாம்.

நோட்டு கிடைக்காததால் மாமா சொந்தக்காரர்களிடம் போனார். சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, நகையை அடகு வைத்து அவருக்குக் கீழே சேர்ந்தார். மாதாமாதம் பாயின்ட் குறையக்கூடாது என்று மாமா தன் கைக்காசில் சரக்கு எடுக்க ஆரம்பித்தார். கமிஷன் வந்தது உண்மைதான். ஆனால் தான் வாங்கிய சரக்கின் விலையில் ஒரு பங்குதான் கமிஷனாகத் திரும்பி வருகிறது என்பது அவருக்கு உறைக்கவே நாளானது. சத்துமாவு டின்கள் கட்டிலுக்கு அடியில் அடுக்கடுக்காக இருந்தன. தேதி முடிந்தவற்றை அத்தை மாட்டுத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். கல்யாண வீடுகளில் மாமா வருவதைப் பார்த்ததும் சொந்தக்காரர்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். ஊரில் அத்தனை பேருக்கும் மனு எழுதிக் கொடுத்த மனிதர் அவர். முதியோர் பென்ஷனுக்கு யார் அலைந்தாலும் கூடவே போய் நிற்பவர். அவரோடு பேசினால் கடைசியில் "பிளான்" வந்துவிடும் என்று ஜனங்கள் பயந்தார்கள். சித்தியின் நகை மூழ்கியது. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்ளாமல் போய், மாமா மகள் கல்யாணத்துக்குச் சித்தி வரவில்லை. தாலி கட்டும்போது அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்கே சட்டம் இருந்தது. ஆள் சேர்ப்பதை வைத்து எளிதாய்ப் பணம் காட்டும் திட்டங்களைத் தடை செய்யும் பரிசுச் சீட்டு மற்றும் பணச் சுழற்சித் திட்டங்கள் தடைச் சட்டம் 1978-இலேயே வந்துவிட்டது. நடத்துபவருக்கு மூன்று வருடம் வரை சிறை என்றும் அதில் இருக்கிறது. மதுரை ஹாலில் உட்கார்ந்திருந்த எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்? எனக்கே தெரியாது. பொருள் விற்பதற்கும் ஆள் பிடிப்பதற்கும் நடுவில் கோடு எங்கே என்று சாதாரண ஆளுக்குப் புரியும்படி எழுதி வைக்க இன்னும் நாற்பது வருடத்துக்கு மேல் ஆனது. நுகர்வோர் பாதுகாப்பு நேரடி விற்பனை விதிகள் 2021 டிசம்பர் 28-இல் அறிவிக்கப்பட்டன. அதன்படி சேர்வதற்குக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆள் சேர்த்ததற்காக மேலே இருப்பவருக்குப் பலன் போகும் பிரமிடு திட்டம் கூடாது. சேர்ந்தவர் மனம் மாறினால், குறிப்பிட்ட அவகாசத்துக்குள் அபராதம் இல்லாமல் விலகலாம். விற்பவர் அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது. போனதும் தான் யார், எந்தக் கம்பெனி, என்ன பொருள், எதற்காக வந்திருக்கிறோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

இந்தக் கடைசி விதியைப் படித்தபோது எனக்கு ஆத்திரம்தான் வந்தது. "ஒரு நல்ல விஷயம் பேசணும், ஞாயித்துக்கிழமை ஃப்ரீயா?" என்று போனில் கூப்பிட்டு, எதற்கென்று சொல்லாமலே மீட்டிங்குக்கு அழைத்துப் போகும் பழக்கத்தை ஒரு தலைமுறைக்கே கற்றுக்கொடுத்தார்கள். மாமாவுக்கு அப்படித்தான் பேச வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கூடப் பிறந்த அக்காவிடமே முதலில் விஷயத்தைச் சொல்லாமல் சுற்றி வளைத்துத்தான் பேசினார்.

நேரடி விற்பனை என்றாலே மோசடி என்று நான் சொல்லவில்லை. எங்கள் மாவட்டத்தில் நிலக்கோட்டையிலேயே 2015-இல் ஆம்வே தொழிற்சாலை திறந்தது. பூ மார்க்கெட்டுக்குப் பேர்போன ஊரில் அது பலருக்கு வேலை கொடுத்தது. ஒருவர் உண்மையான பொருளை, அதற்குத் தகுந்த விலையில், அது வேண்டும் என்பவருக்கு விற்று நாலு காசு பார்ப்பதில் ஒரு தவறும் இல்லை. யாராவது ஒரு திட்டத்தோடு வந்தால் நான் கேட்பது ஒன்றுதான்: நாளையிலிருந்து இதில் ஒருவர்கூடப் புதிதாகச் சேரவில்லை என்று வைத்துக்கொள்வோம், பொருளை விற்று மட்டும் உங்களுக்கு என்ன கிடைக்கும்? பதில் ரூபாயில் வந்தால் உட்காரச் சொல்வேன். "நீங்க ஒரு தடவை மீட்டிங்குக்கு வாங்க" என்று பதில் வந்தால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இப்போது என் அண்ணன் மகள் புடவை விற்கிறாள். கோயம்புத்தூரில் இருக்கிறாள், பிரசவத்துக்குப் பிறகு வேலையை விட்டவள். சேலம் மாவட்டம் இளம்பிள்ளையிலிருந்து மொத்த வியாபாரிகள் வாட்ஸப் குரூப்பில் படம் போடுவார்கள். அவள் தன் லாபத்தைச் சேர்த்து விலை போட்டு ஸ்டேட்டஸில் வைப்பாள். 650 ரூபாய்ப் புடவைக்கு 780. ஆர்டர் வந்து பணம் ஜிபேயில் ஏறியதும் வியாபாரிக்குக் கட்டிவிடுவாள். அங்கிருந்தே அவள் பெயரில் கூரியர் போய்விடும். பல நேரம் புடவையை அவள் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை. தவணை கிடையாது, பாக்கி கிடையாது. அம்மாவின் ஐந்தாவது தவணை இவளுக்கு முதலிலேயே கைக்கு வந்துவிடுகிறது. வீட்டுக்காரர் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்ற சங்கடமும் இல்லை. வாங்குகிற பெண்களின் கணக்கிலேயே பணம் இருக்கிறது. இந்த மாற்றத்தைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

அவளுக்கு இருக்கும் தொல்லை வேறு. "லைட்டிங்ல கலர் கொஞ்சம் மாறலாம்", "டேமேஜ் இருந்தா ஓப்பனிங் வீடியோ கட்டாயம்" என்று குரூப்பில் எழுதி வைத்துவிடுகிறார்கள். பார்சலைக் கத்தரிக்கும்போதே நடுவில் நிறுத்தாமல் வீடியோ எடுத்திருந்தால்தான் மாற்றிக் கொடுப்பார்கள். ஆசையோடு பிரிக்கும் பெண் அதற்கு முன்னால் போனை நிமிர்த்தி வைக்க நினைப்பாளா? ஒரு முறை அவளுடைய பழைய ஆபீஸ் தோழிக்கு முந்தியில் இழை அறுந்த புடவை போய்விட்டது. வீடியோ இல்லை. வியாபாரி கைவிரித்துவிட்டார். என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டேன்.

"நான்தான் அத்தை பணத்தத் திருப்பிக் குடுத்தேன். அவ வியாபாரிகிட்டயா வாங்குனா? என்கிட்டதான வாங்குனா."

அந்த ஒரு புடவைக்குக் கொடுத்தது ஐந்து புடவை லாபத்துக்கும் மேல். இந்த இடத்தில் நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். ஆயிரக்கணக்கான பெண்களின் முகத்தையும் பெயரையும் வைத்து விற்பனை நடக்கிறது, நெசவுக் குறைக்கு மட்டும் அந்தப் பெண்களே பொறுப்பு என்றால் எப்படி? அறுந்த இழைக்கு வீடியோ சாட்சி எதற்கு? புடவையைத் திருப்பி அனுப்பினால் கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாமே. வாங்கி விற்கும் பெண்கள் கூடிப் பேசி, இந்த ஒரு நிபந்தனையை மாற்றாத வியாபாரியிடம் எடுப்பதில்லை என்று நின்றால், வியாபாரிகள் இறங்கி வருவார்கள்.

அவளையும் தேடி வருகிறார்கள். "999 கட்டி மெம்பர் ஆகுங்க, உங்களுக்குக் கீழ ரீசெல்லர்களச் சேத்தா ஒவ்வொருத்தர் விற்பனையிலயும் கமிஷன்" என்று போன மாதம் ஒரு பெண் குரல் செய்தி அனுப்பியிருந்தாள். குரல் இனிமையாக இருந்தது, நம்பிக்கையாகவும் இருந்தது. அந்தப் பெண்ணும் யாரோ எழுதிக் கொடுத்ததைப் படித்திருக்கலாம். "சேருறதுக்கே காசு கேக்குறது சட்டப்படி தப்புன்னு தெரியுமாக்கா?" என்று இவள் திருப்பிக் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

இப்போது ஒரு புது வழக்கம் வைத்திருக்கிறாள். எந்த வியாபாரியிடமும் முதலில் ஒரு புடவையைத் தனக்கே வரவழைத்து, துவைத்துப் பார்த்து, உடுத்திப் பார்த்த பிறகுதான் அவருடைய படங்களை ஸ்டேட்டஸில் வைப்பது. இதனால் மாதத்தில் பாதிப் படங்களை விட வேண்டியிருக்கிறது. வருமானம் கொஞ்சம் குறைவுதான். ஆனால் அவள் போடுவதை நம்பி, "கலர் வேற என்ன இருக்கு?" என்று கேட்பவர்கள் கூடியிருக்கிறார்கள். தை பிறந்ததும் இளம்பிள்ளைக்கு நேரில் போய், தறி வைத்திருப்பவர்களிடமே பேசிப் பார்க்கலாம் என்கிறாள். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நான் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.